பெட்டிக்குள் பொம்மை அசையக் கூடாது: சிற்றுருவங்களை உடையாமல் வைப்பதும் எடுத்துச் செல்வதும்

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு விரைவுப் பேருந்தில் வந்த பெட்டி அது. உள்ளே நாற்பது பொம்மைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் உயரம். என் தம்பி மூன்று ஆண்டுகளாக இரவு நேரங்களில் உட்கார்ந்து ஒட்டி, வண்ணம் தீட்டிச் சேர்த்தவை. வேலை கிடைத்துத் தலைநகருக்கு வந்துவிட்ட அவன், "அக்கா, வீட்டுக்குப் போனா என் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க" என்று கேட்டிருந்தான்.

நானும் எடுத்து வந்தேன். பேருந்தின் அடியில் பயணப் பைகள் வைக்கும் இடத்தில், என் துணிப்பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். வீட்டுக்கு வந்து திறந்தபோது பதினொரு பொம்மைகள் உடைந்திருந்தன. ஈட்டிகள் முறிந்திருந்தன. கைகள் கழன்று பெட்டியின் மூலையில் கிடந்தன. பெட்டியின் வெளிப்புறத்தில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

தம்பி என்னைத் திட்டவில்லை. உடைந்த துண்டுகளை ஒரு வெள்ளைத் தட்டில் போட்டு, மேசை விளக்கை அருகில் இழுத்துக்கொண்டு, எது யாருடைய கை என்று தேட ஆரம்பித்தான். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் இந்தப் பொம்மைகளை எப்படி வைக்க வேண்டும், எப்படித் தூக்கிச் செல்ல வேண்டும் என்று அவனிடமும் அவனோடு விளையாடும் நண்பர்களிடமும் கேட்டுக் கற்றுக்கொண்டேன். இந்த விளையாட்டில் இறங்கியிருக்கும் இளையோருக்கும், அவர்களுடைய பெட்டிகளை வீட்டில் இடம் மாற்றி வைக்கும் பெற்றோருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன்.

இவை என்ன பொம்மைகள்?

மேசைமேல் போர்க்களம் அமைத்து, பகடை உருட்டி, விதிகளின்படி படைகளை நகர்த்தி ஆடும் விளையாட்டு இது. இதன் வேர் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர இத்தகைய மேசை விளையாட்டைப் பயன்படுத்தியது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாகவே வெளியிட்டார். இன்று உலகெங்கும் அதிகம் பேசப்படும் 'வார்ஹேமர்' விளையாட்டு 1983இல் வந்தது. அதை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் 1975இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட நிறுவனம்.

விளையாடுவோர் இவற்றை 'மினியேச்சர்' என்பார்கள். நாம் சிற்றுருவம் என்று சொல்லலாம். கடையில் வாங்கும்போது இவை முழு பொம்மையாக இருப்பதில்லை. கை, கால், தலை, ஆயுதம் என்று தனித்தனி பாகங்களாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, பிசிறு சீவி, ஒட்டி, அடிப்பூச்சு அடித்து, மெல்லிய தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டும். ஒரு வீரனை முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். ஒரு தளபதிக்கு ஒரு வாரமும் ஆகலாம். பெட்டி ஒன்றின் விலை பல நேரங்களில் 100 ரிங்கிட்டைத் தாண்டும். ஆனாலும் உடையும்போது அதிகம் வலிப்பது அதில் போட்ட உழைப்புத்தான். பணம் கொடுத்தால் பொம்மை மீண்டும் கிடைக்கும். தீட்டிய வண்ணம் கிடைக்காது.

உடைவது ஏன்?

பெட்டி கீழே விழுந்தால்தான் பொம்மை உடையும் என்று நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பெட்டிக்குள் பொம்மைக்கு நகர இடம் இருந்தால், பேருந்து ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அது பக்கத்துப் பொம்மைமேல் மோதும். ஒரு மோதலில் ஒன்றும் ஆகாது. மூன்று மணி நேரம் விடாமல் மோதினால் வாள்முனை, கொடிக்கம்பு, விரல் போன்ற மெல்லிய பாகங்கள் முதலில் போகும். அடுத்து வண்ணம் உதிரும். பிறகு ஒட்டிய மூட்டுகள் விடும்.

எந்தப் பொருளால் செய்தது என்பதைப் பொறுத்தும் ஆபத்து மாறும்.

பிளாஸ்டிக் பொம்மைகள் பாலிஸ்டைரீன் என்னும் வகையைச் சேர்ந்தவை. எடை குறைவு என்பதால் விழுந்தாலும் ஓரளவு தாங்கும். இவற்றுக்கான தனிப் பசை பிளாஸ்டிக்கையே சற்றுக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடுவதால் மூட்டுகள் உறுதியாக இருக்கும்.

ரெசின் பொம்மைகளில் நுணுக்கம் அதிகம், ஆனால் சட்டென்று ஒடியும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுக்கும் ரெசின் பொம்மைகள் பலவும் அப்படித்தான். வார்ப்பு ரெசினில் இன்னொரு சிக்கல், வெப்பத்தில் அது இளகும். வளைந்த வாளை நேராக்க விளையாட்டாளர்கள் அதைச் சில விநாடிகள் சுடுநீரில் காட்டுவார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதே வாள் தானாகவே வளைந்துவிடும்.

உலோகப் பொம்மைகள் எளிதில் உடையாது, வளையும். எடை அதிகம் என்பதால் விழும்போதும் மோதும்போதும் தாக்கம் அதிகம். வண்ணம் விரைவில் உதிரும். கலந்து வைத்தால் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளை இவையே உடைத்துவிடும். மிகப் பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கும். அவற்றைத் தொட்டபின் கை கழுவ வேண்டும், சிறு பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது.

உலோகத்தையும் ரெசினையும் ஒட்டப் பயன்படும் சூப்பர் குளூவைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். அது இழுவையைத் தாங்கும், திடீர் அடியைத் தாங்காது. அதனால்தான் கீழே தட்டிய உடனே கை மட்டும் தனியே கழன்று விழுகிறது.

அம்மாவின் கொலுப் பாடம்

நடந்ததை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒவ்வொண்ணையும் தனித்தனியா சுத்தி வச்சியா?" என்பதுதான்.

எங்கள் வட்டாரக் கோயிலில் நவராத்திரி முடிந்ததும் கொலுப் பொம்மைகளைக் கட்டி வைக்கும் வேலைக்கு அம்மா போவார். பழைய வேட்டித் துணியைக் கிழித்து ஒவ்வொரு பொம்மையையும் தனியாகச் சுற்றுவார்கள். கனமானவை அடியில். மூக்கும் விரலும் நீட்டியிருப்பவை மேலே. இடைவெளி இருந்தால் துணி வைத்து அடைப்பார்கள். எந்தப் பெட்டியில் எது என்று மேலே எழுதி ஒட்டுவார்கள். அடுத்த ஆண்டு திறக்கும்போது எல்லாம் முழுதாக இருக்கும்.

மண் பொம்மைக்குப் பொருந்தும் இந்த முறை சிற்றுருவத்துக்கும் பொருந்தும். விளையாட்டாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதையேதான். துணிக்குப் பதில் அவர்கள் ஸ்பாஞ்ச் அல்லது காந்தத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்பாஞ்ச் முறை

பொம்மை அளவுக்குக் குழி வெட்டிய ஸ்பாஞ்ச் தட்டுகள் கடைகளில் விற்கின்றன. சிறு சதுரங்களாக முன்பே கீறப்பட்டு, வேண்டிய அளவுக்குப் பிய்த்தெடுத்துக் குழி செய்யும் வகையும் உண்டு. பலதரப்பட்ட வடிவமுள்ள பொம்மைகளுக்கு அது வசதி. வாங்கும்போதும் அடுக்கும்போதும் கவனிக்க வேண்டியவை சில:

குழி பொம்மையை லேசாகப் பிடிக்க வேண்டும். திணித்து வைத்தால் எடுக்கும்போதே கை ஒடியும். எடுக்கும்போது ஆயுதத்தையோ தலையையோ பிடிக்காமல், காலடியில் உள்ள பீடத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும்.

நீண்ட ஈட்டியோ கொடியோ இருந்தால், அந்தப் பாகத்துக்கும் தனி இடம் வெட்ட வேண்டும். ஸ்பாஞ்ச் அதை அழுத்திக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் வளைந்துவிடும்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, ஒவ்வொரு தட்டின் ஆழமும் அதில் கிடக்கும் பொம்மையைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல்தட்டின் எடை முழுவதும் பொம்மையின் மூக்கின்மேல் இறங்கும்.

ஸ்பாஞ்ச் உரசுவதாலும் வண்ணம் தேயும். எனவே தீட்டி முடித்ததும் வார்னிஷ் பூச்சு கொடுப்பது நல்லது. முதலில் பளபளப்பு வகை, அது காய்ந்தபின் அதன்மேல் மங்கல் வகை என்று இரண்டு பூச்சு கொடுப்போர் உண்டு. தெளிப்பான் வார்னிஷை மழை நாளில் அடிக்கக் கூடாது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பொம்மைமேல் வெண்படலம் படிந்துவிடும். நம் நாட்டில் வெயிலேறிய முற்பகல் நேரமே அதற்கு ஏற்றது.

இன்னொன்று, ஸ்பாஞ்சுக்கும் ஆயுள் உண்டு. நம் ஈரக் காற்றில் மலிவான ஸ்பாஞ்ச் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் பொடியாக உதிரும். அந்தப் பிசுக்கு வண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது கடினம். ஆண்டுக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் மீண்டு எழாவிட்டாலோ தூள் கையில் ஒட்டினாலோ மாற்றிவிட வேண்டும்.

காந்த முறை

இப்போது பலரும் இதற்கு மாறி வருகிறார்கள். பொம்மையின் பீடத்துக்கு அடியில் சிறு நியோடிமியம் காந்தத்தை ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிற்க வைப்பதுதான் முறை. பொம்மையை எதுவும் தொடுவதில்லை. வண்ணம் உரசுவதில்லை. கொடியும் ஈட்டியும் எந்தப் பக்கம் நீட்டியிருந்தாலும் கவலையில்லை.

சாதாரணப் பிளாஸ்டிக் வீரனுக்கு 5 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஒரு வட்டக் காந்தம் பொதுவாகப் போதும். உலோகப் பொம்மைக்கு இரண்டு அல்லது மூன்று வேண்டியிருக்கும்.

பெரும்பாலான பீடங்களின் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். காந்தத்தை அந்தக் குழிக்குள் உயரத்தில் ஒட்டிவிட்டால் அது தகட்டைத் தொடாது, பிடிப்பும் இருக்காது. இதைச் சரியாகச் செய்ய ஓர் எளிய வழி உண்டு. இரும்புத் தகட்டின்மேல் கேக் வேகவைக்கப் பயன்படும் மெல்லிய காகிதத்தை விரித்து, அதன்மேல் காந்தத்தை வையுங்கள். பீடத்தின் குழியில் இரண்டு பாகம் கலந்து பிசையும் எபோக்சி மாவை வைத்து, பொம்மையை அந்தக் காந்தத்தின்மேல் நேராக அமர்த்துங்கள். ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் விட்டால், காந்தம் பீடத்தின் விளிம்போடு சமமாகப் பதிந்து இறுகிவிடும்.

பெட்டிக்கு அதிகம் செலவு செய்ய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஹார்ட்வேர் கடையில் வெட்டித் தரும் மெல்லிய இரும்புத் தகட்டை ஒட்டலாம். தீபாவளிக்கு வரும் பிஸ்கட் டின்னே போதும் என்கிறான் தம்பி. அவனுடைய முதல் காந்தப் பெட்டி, அம்மா முறுக்கு போட்டு வைத்திருந்த பழைய பிஸ்கட் டின்தான். நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போக்கி, காய வைத்துப் பயன்படுத்தினான். எல்லா டின்னிலும் காந்தம் ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அலுமினியத்தில் ஒட்டாது. எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றிலும் ஒட்டாது. வாங்கும் முன் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள்.

காந்தத்தை நேராக மேலே இழுத்தால் பிடிப்பு பலமாக இருக்கும். பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். எனவே காந்தப் பெட்டியையும் எப்போதும் நிமிர்த்தியே எடுத்துச் செல்ல வேண்டும். மெத்தைமேல் டின்னைக் கவிழ்த்து மெதுவாகக் குலுக்கிப் பாருங்கள். விழுகின்ற பொம்மைக்கு இன்னொரு காந்தம் தேவை என்று பொருள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தச் சிறு காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் வெவ்வேறு பகுதிகளில் இருந்தபடியே ஒன்றையொன்று இழுத்து, குடல் சுவரைத் துளைத்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்களும் இத்தகைய காந்தங்களை மார்புக்கு அருகில் கொண்டு போகக் கூடாது.

வீட்டில் எங்கே வைப்பது?

தோட்டத்து வீடானாலும் தாமான் வீடானாலும், பிள்ளைகளின் பொருளை மூட்டை கட்டி அலமாரிக்கு மேலேயோ கூரைக்கு அடியிலேயோ ஏற்றி வைப்பது நம் பழக்கம். தகரக் கூரைக்குக் கீழே பகலில் அனல் அடிக்கும். பொம்மைப் பெட்டிக்கு அது ஆகாத இடம். தரையோடு தரையாக வைப்பதும் நல்லதல்ல. வெள்ளம் ஏறும் பகுதிகளில் அதைச் சொல்லவே வேண்டாம். சுவரை ஒட்டாமல், இடுப்பு உயரத்தில் உள்ள அலமாரித் தட்டுதான் பொருத்தமானது.

அட்டைப்பெட்டியில் நெடுநாள் வைக்காதீர்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும், கரையானையும் கரப்பானையும் அழைக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்பது தெரியும். மூடி சரியாகப் பொருந்தாத பெட்டியில் சிலிகா ஜெல் போடுவது வீண். அறையின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி ஓரிரு நாளில் அது ஓய்ந்துவிடும். காந்தப் பெட்டியின் இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்கவும் இது உதவும்.

பார்வைக்கு வைக்க விரும்பினால் கதவுள்ள கண்ணாடி அலமாரி சிறந்தது. திறந்த தட்டில் வைத்தால் தூசியோடு பல்லி எச்சமும் விழும். சன்னல் வெயில் நேராகப் படும் இடத்தில் வண்ணம் வெளிறும். தூசியைத் துணியால் துடைக்காமல், முகப்பூச்சுக்குப் பயன்படும் புதிய மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

வெளியே எடுத்துச் செல்லும்போது

காரில்: பெட்டியை இருக்கையின் முன்னாலுள்ள கால் வைக்கும் இடத்தில் வையுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் இருக்கையிலிருந்து விழும், பின்பெட்டியில் வழுக்கி ஓடும். நிறுத்திய காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் உட்புறம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்.

மோட்டார் சைக்கிளில்: கூடையிலோ பின்னால் கட்டியோ கொண்டு போக வேண்டாம். அதிர்வு நேராகப் பெட்டிக்கு ஏறும். வேறு வழியில்லை என்றால் முதுகுப் பையில், பெட்டியைச் சுற்றித் துணி வைத்து, நிமிர்ந்த நிலையில் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் உடலே அதிர்ச்சியைப் பெரும்பகுதி தாங்கிக்கொள்ளும். மழைக்குப் பையின் மேல் உறை போட மறக்காதீர்கள்.

பேருந்திலும் ரயிலிலும்: அடியில் உள்ள பொருள் அறையில் போடாதீர்கள். அந்தத் தவற்றை நான் செய்துவிட்டேன். மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டில் வைப்பதானால் வழுக்காத இடமாகப் பாருங்கள். பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி வரைந்து, 'உடையும் பொருள்' என்று மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். நான் தூக்கி வந்த பெட்டியில் எந்தப் பக்கம் மேல் என்று எழுதியிருக்கவில்லை. அது பாதிக் காரணம்தான். நான் கேட்கவும் இல்லை.

விமானத்தில்: கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள். பல நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோ வரம்பு வைத்திருப்பதால் முன்பே எடை பாருங்கள். காந்தமும் இரும்புத் தகடும் சோதனைக் கருவியில் பளிச்சென்று தெரியும். அதிகாரி கேட்டால் நீங்களே திறந்து காட்டும் வகையில் பெட்டியை மேலாக வையுங்கள். தெளிப்பான் வண்ணக் குப்பிகளை விமானத்தில் கொண்டு போக முடியாது. வெட்டும் கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

கூரியரில் அனுப்பும்போது: ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி என்ற முறையே நம்பகமானது. ஒவ்வொரு பொம்மையையும் மெல்லிய காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, உட்பெட்டியில் அசையாமல் வையுங்கள். குமிழ் உறையை வண்ணத்தின்மேல் நேராகச் சுற்றாதீர்கள். வெயில் சூட்டில் குமிழின் வட்டத் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். காகிதம் முதலில், குமிழ் உறை அதற்கு மேல். உட்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் அளவுக்கு நிரப்புப் பொருள் இருக்கட்டும். மூடிய பிறகு காதருகில் வைத்து மெதுவாகக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் மீண்டும் திறந்து சரி செய்யுங்கள். அனுப்பும் முன் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடைந்துவிட்டால்

முதலில் துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். பெட்டியை வெள்ளைத் துணியின்மேல் திறந்து, ஸ்பாஞ்ச் குழிகளைத் தட்டிப் பாருங்கள். விரல் அளவு துண்டுகூடக் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உடைந்த முகத்தில் உள்ள பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். பிளாஸ்டிக் பசை வெறும் பிளாஸ்டிக்கில்தான் பிடிக்கும் என்பதால் அந்த இடத்தில் வண்ணம் இருக்கக் கூடாது. உலோகமோ ரெசினோ என்றால் சூப்பர் குளூ ஒரு சிறு துளி போதும். அதிகம் போட்டால் அதிகம் பிடிக்கும் என்பது தவறு. அடிக்கடி கழலும் மூட்டுக்கு, இரு பக்கமும் கைத்துளைப்பானால் சிறு துளையிட்டு, காகிதக் கிளிப்பின் கம்பியில் ஒரு துண்டு வெட்டி உள்ளே செருகி ஒட்டலாம். எலும்பு முறிவுக்கு மருத்துவர் கம்பி வைப்பது போலத்தான்.

ஒட்டியவுடன் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். சூப்பர் குளூ காயும்போது வெளிவரும் ஆவி மூடிய இடத்தில் சுற்றிப் படிந்து, வண்ணத்தின்மேல் வெண்பூச்சாகத் தெரியும். ஓர் இரவு காற்றாட விடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

பிள்ளையின் மேசையில் பாதி ஒட்டிய பொம்மைகள் பரவிக் கிடந்தால் கோபம் வருவது இயல்புதான். ஆனால் பெருக்கித் தள்ளிவிடாதீர்கள். நகர்த்த வேண்டுமென்றால் பிள்ளையையே கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுங்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் அவசரம் என்றால் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தூக்காமல், அவை இருக்கும் தட்டையோ பலகையையோ அப்படியே தூக்குங்கள். எங்கே வைத்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வைத்தாலும் போதும்.

எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு வந்தது 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்த பிறகு. எல்லாரும் வீட்டிலேயே அடைந்து கிடந்தோம். தம்பி கூடத்து மேசையில் பொம்மைகளைப் பரப்பி உட்கார்ந்தபோது அப்பாவுக்கு முதலில் எரிச்சல்தான். இருபது வயதுப் பிள்ளைக்குப் பொம்மை எதற்கு என்று கேட்டார். சில நாள் கழித்துப் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு ஒருநாள், "அந்தத் தூரிகைய இங்க குடு" என்றார்.

அப்பா இளவயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கை. அறுபது வயதிலும் நடுங்காது. கொடி பிடித்த வீரன் ஒருவனை எடுத்து, இரண்டு மாலை நேரம் உட்கார்ந்து, கொடியைச் சிவப்பாகவும் ஓரத்தை மஞ்சளாகவும் தீட்டி முடித்தார். அவர் தீட்டியது அந்த ஒன்றுதான். மறு ஆண்டு அப்பா தவறிவிட்டார்.

நான் கொண்டு வந்த பெட்டியில் உடைந்த பதினொன்றில் அந்தக் கொடிக்காரனும் ஒருவன். கம்பு இரண்டாக முறிந்து, கொடியின் ஓரத்தில் அரிசியளவு மஞ்சள் வண்ணம் உதிர்ந்திருந்தது. தம்பி கம்பை ஒட்டிவிட்டான். மற்ற பத்துக்கும் உதிர்ந்த இடத்தில் வண்ணம் பூசினான். இதற்கு மட்டும் பூசவில்லை. அந்த இடம் இன்னும் அப்படியே சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

இப்போது அந்த வீரன் காந்தம் பொருத்திய பீடத்தோடு பிஸ்கட் டின்னின் நடுவில் நிற்கிறான். டின்னின் மூடியில் மேல்பக்கம் எது என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறது. எழுதி ஒட்டியது நான்தான். போன தீபாவளிக்குத் தம்பி அதை ஈப்போவுக்குக் கொண்டு போனான். போகும்போதும் வரும்போதும் டின் என் மடியில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து திறந்து எண்ணிப் பார்த்தோம். நாற்பதும் நின்ற இடத்திலேயே நின்றன.